பேரப்பிள்ளைகள் தனியாகத் தங்க வரும் முதல் விடுமுறைக்கு

மே மாத விடுமுறையில் பேரனோ பேத்தியோ அப்பா அம்மா இல்லாமல் பத்து நாள் உங்கள் வீட்டில் தங்க வருகிறார்கள். முதல் தடவை. சந்தோஷம் ஒரு பக்கம், "இத்தனை நாள் என்ன செய்வது, போன் கேட்டால் என்ன சொல்வது" என்ற கவலை இன்னொரு பக்கம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பேத்திக்கு அப்போது 8 வயது, பேரனுக்கு 5. அதற்குப் பிறகு ஆறு விடுமுறைகள் போய்விட்டன. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் எது நன்றாக நடந்ததோ அதை முறையாக எழுதுகிறேன். வேண்டிய சாமான் எல்லாம் மளிகைக் கடையிலும் உங்கள் பரணிலுமே கிடைக்கும்.

முதல் விடுமுறையில் நான் நாளுக்கு நான்கு வேலை என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் நாளே எனக்கு இடுப்பு வலி, குழந்தைகளுக்குச் சலிப்பு. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். பேத்தி உருட்டிய உருண்டை கோணலாக இருந்ததால், அதை அவள் கையிலிருந்து வாங்கி நானே உருட்டி வைத்தேன். அவள் எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்க அடுக்களைப் பக்கமே வரவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு விதிகள்: ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை; குழந்தை கையில் இருப்பதை யாரும் வாங்கித் திருத்தக் கூடாது. கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டும் பொருந்தும்.

அவர்கள் வருவதற்கு முன்

முதலில் உங்கள் மாத்திரை டப்பா. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் நம் வயதுக்காரர்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கும். பார்க்க மிட்டாய் போல இருக்கும் அந்த ஒரு மாத்திரை சின்னக் குழந்தைக்குப் பேராபத்து. உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கொசுவர்த்திச் சுருள், பினாயில், கிணற்று மூடி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கிடக்கும் நாற்காலி, குளியலறையில் நிரம்பி நிற்கும் வாளி, எல்லாவற்றையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மகனிடமோ மகளிடமோ மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது முதலாவது. வேர்க்கடலை, எள், முந்திரி ஒவ்வாத குழந்தைகள் உண்டு. காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எவ்வளவு என்பது இரண்டாவது. அந்த அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, ஆகையால் ஊகித்துக் கொடுக்க வேண்டாம். போன் எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது மூன்றாவது. நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று வைத்தோம். வெயில் உச்சியில் இருக்கும் நேரம், நமக்கும் கொஞ்சம் படுக்க வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டால் தினமும் பேரம் பேச வேண்டியதில்லை.

முதல் நாள்: பானகம்

வந்த அன்று குழந்தைக்குப் புது இடத்துக் கூச்சம் இருக்கும். அடுப்பே தேவைப்படாத ஒன்றில் தொடங்குங்கள்.

நான்கு டம்ளர் தண்ணீரில் முக்கால் டம்ளர் பொடித்த வெல்லத்தைப் போட்டுக் கரைக்கச் சொல்லுங்கள். கரைய நேரமாகும், கிண்டிக்கொண்டே இருக்கட்டும், அதுதான் அவர்களுக்குப் பிடித்த கட்டம். வெல்லத்தில் மண் இருக்கும், வடிகட்டுங்கள். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கால் ஸ்பூன் சுக்குப்பொடியும் தட்டிய இரண்டு ஏலக்காயும் சேர்த்தால் ஆயிற்று. எலுமிச்சையைத் தரையில் வைத்து உள்ளங்கையால் நன்றாக உருட்டிவிட்டுப் பிழிந்தால் சாறு அதிகம் வரும் என்று காட்டிக்கொடுங்கள். என் பேரன் அந்த ஒரு வித்தையை ஊருக்குப் போய் எல்லோருக்கும் செய்து காட்டினான்.

தாத்தாவுக்கு முதல் டம்ளரைக் குழந்தையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்தால் ஒரு வாய் போதும்.

பூவரசு பீப்பியும் தீப்பெட்டி டெலிபோனும்

பூவரச மரம் பக்கத்தில் இருந்தால் அதைவிட எளிதான விளையாட்டுச் சாமான் வேறு கிடையாது. ரொம்பத் தளிரும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம், நடுத்தரமான இலையாக ஒன்று பறியுங்கள். கழுவித் துடைத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகக் குழல் போலச் சுருட்டுங்கள். ஒரு முனையை விரலால் லேசாக நசுக்கித் தட்டையாக்கி, அந்தப் பக்கத்தை உதட்டில் வைத்து ஊதினால் சத்தம் வரும். முதல் ஐந்தாறு இலை வீணாகத்தான் போகும். பெரும்பாலும் நசுக்கியது அதிகமாக இருக்கும், அல்லது சுருள் தளர்ந்திருக்கும். சின்ன இலைக்குக் கீச்சென்றும் பெரிய இலைக்குத் தடித்தும் சத்தம் வருவதைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

டெலிபோனுக்கு இரண்டு காலித் தீப்பெட்டி, ஐந்தாறு மீட்டர் பருத்தி நூல், இரண்டு துண்டு ஈர்க்குச்சி. தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்து, அதன் அடிப்பாகத்தின் நடுவில் ஊசியால் ஓட்டை போட்டு நூலைக் கோத்து, உள்ளே ஈர்க்குத் துண்டில் முடிச்சுப் போடுங்கள். காகிதக் கப்பில் செய்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். நூல் விறைப்பாக இருந்தால்தான் குரல் போகும், எதிலும் உரசவும் கூடாது. நாங்கள் கூடத்திலிருந்து கொல்லை வரை பிடித்துப் பேசினோம். நேரில் கேட்கத் தயங்குவதை எல்லாம் பிள்ளைகள் இந்த நூல் வழியே கேட்பார்கள். "பாட்டி, நீங்க சின்ன வயசுல பரீட்சையில ஃபெயில் ஆகியிருக்கீங்களா?" என்று பேத்தி கேட்டது அதில்தான். ஆமாம் என்றேன்.

பல்லாங்குழி

இதற்கு ஒரு முழுச் சாயங்காலத்தை ஒதுக்குங்கள். எண்ணத் தெரிந்த குழந்தையானால் போதும், ஆறு வயதில் பிடித்துக்கொள்வார்கள். பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் ஆளுக்கு ஏழாக 14 வட்டம் போடுங்கள். புளியங்கொட்டை 70 வேண்டும், குழிக்கு ஐந்து.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். பழைய டப்பாவில் சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணி இருந்தால் அதை எடுக்காதீர்கள். பார்க்க அத்தனை அழகு, ஆனால் உள்ளே கடுமையான நஞ்சு. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நான்கு வயதுக்குள் ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அவர்கள் தூங்கிய பிறகு பெரியவர்களோடு ஆடுங்கள்.

எங்கள் வீட்டு ஆட்டம் இப்படி:

1. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாக் காய்களையும் அள்ளி, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்று போட்டுக்கொண்டே போங்கள். உங்கள் ஏழு குழி முடிந்ததும் எதிராளி பக்கம் திரும்பிச் சுற்றி வர வேண்டும்.
2. கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடருங்கள்.
3. அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பது முழுவதும் உங்களுக்கு. அத்தோடு உங்கள் முறை முடிந்தது. இரண்டு குழி தொடர்ந்து வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது.
4. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது சரியாக நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அந்தக் குழி யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு ஊர் விதி மாறும். உங்கள் அம்மா எப்படி ஆடினார்களோ அப்படியே ஆடுங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் பசுவை மறந்துவிட்டு, அள்ளிப் போடுவதை மட்டும் பழக்கினால் குழந்தைக்குத் தலை சுற்றாது. வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள், அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதில், "இந்தக் குழியிலிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும், எண்ணிப் பார்" என்று வழி காட்டலாம். நான்காம் நாள் என் பேத்தி என்னை உண்மையாகவே ஜெயித்தாள்.

தாயம் பெரிய பிள்ளைகளுக்கு. இரண்டு பித்தளைக் கட்டையையும் உருட்டி 1, 5, 6, 12 விழுந்தால் மறு உருட்டல் உண்டு. வெட்டு வாங்கினால் அழுகிற வயதில் அதைத் தொடங்க வேண்டாம்.

அடுக்களையில்

அடுப்பும் கத்தியும் மிக்சியும் உங்கள் பொறுப்பு. அளப்பது, பிசைவது, உருட்டுவது, எண்ணி அடுக்குவது அவர்கள் பொறுப்பு. இந்தப் பிரிவினையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடலை மிட்டாயும் பொரி உருண்டையும் எல்லோருக்கும் பிடிக்கும்தான், ஆனால் பாகு சூடாக இருக்கும்போதே உருட்ட வேண்டும், கை பொத்துப்போகும். அதனால் பாகே இல்லாத உருண்டையைச் சொல்கிறேன்.

எள்ளுருண்டை: கறுப்பு எள் ஒரு டம்ளர். கழுவி உலர்த்தி, வெறும் வாணலியில் படபடவென்று பொரியும் வரை வறுத்து ஆற வைத்துவிடுங்கள். முக்கால் டம்ளர் பொடித்த வெல்லத்தோடு மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் கூழாகிவிடும். எள்ளின் எண்ணெய் கசிந்து, கையில் பிடித்தால் சேரும் பதம் வந்ததும் தட்டில் கொட்டிக் குழந்தையிடம் கொடுங்கள். நெய்கூட வேண்டாம். கோலி அளவு, எலுமிச்சை அளவு, எப்படி வந்தாலும் டப்பாவில் போடுங்கள். உரல் இருக்கும் வீடானால் இடித்தே செய்யலாம், அந்த மணம் தனி.

பிடி கொழுக்கட்டை: பச்சரிசி ரவை ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டு டம்ளர், பழைய அரிசியானால் இன்னும் கால் டம்ளர். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தண்ணீர் ஊற்றி, உப்பும் கால் டம்ளர் தேங்காய்த் துருவலும் போடுங்கள். கொதித்ததும் ரவையைத் தூவிக் கிளறி, சிறு தீயில் மூடி வைத்து இறக்குங்கள். கை பொறுக்கும் சூடு வரும்வரை குழந்தையைக் காத்திருக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து நான்கு விரலால் அழுத்தினால் விரல் தடத்தோடு கொழுக்கட்டை வந்துவிடும். இட்லிப் பானையில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேக வேண்டும். வெந்து வந்ததும் தட்டில் பாருங்கள்: தாத்தா பிடித்தது எது, பேரன் பிடித்தது எது என்று விரல் தடமே சொல்லும். தன் விரல் பதிந்ததைத்தான் சாப்பிடுவேன் என்று இரண்டு பேரும் தேடித் தேடி எடுத்தார்கள். வீட்டில் உப்புமாவைத் தொடாத பையன் ஐந்து கொழுக்கட்டை சாப்பிட்டான்.

ஜவ்வரிசி வடாம்

பத்து நாளில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிடும், விடுமுறையும் அப்போதுதான். வெயிலில் வெளியே விளையாட முடியாது என்று குழந்தைகள் முனகும் அதே வெயில்தான் வடாமுக்கு வேண்டும். மூன்று நாள் நீளும் வேலை, தினமும் காலையில் எழுந்ததும் ஓடிப் போய்ப் பார்க்க ஒன்று இருக்கும்.

முந்தின இரவு ஒரு டம்ளர் ஜவ்வரிசியை ஊறப்போடுவது குழந்தையின் வேலை. மறுநாள் விடிகாலை நீங்கள் ஆறு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறிய ஜவ்வரிசியைச் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறுங்கள். வெள்ளை முத்துகள் கண்ணாடி போல ஆகிவிடும். அந்த நேரத்தில் ஒரு முக்காலியைத் தள்ளிப் போட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள், வாய் பிளந்து பார்ப்பார்கள். நான்கு பச்சை மிளகாயை அரைத்த விழுது, ஒரு ஸ்பூன் சீரகம், உப்பு. காய்ந்தால் உப்பு தூக்கலாகத் தெரியும் என்பதால் வாய்க்குக் கொஞ்சம் குறைவாகவே போடுங்கள். ஆறிய பிறகு ஒரு எலுமிச்சம்பழச் சாறு. கூழ் தோசை மாவை விடச் சற்று கெட்டியாக இருக்கட்டும்.

ஏழு மணிக்குள் மாடிக்குப் போய்விடுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். ஆளுக்கு ஒரு ஸ்பூன். கூழை ஊற்றித் தேய்க்க வேண்டாம், அது தானே வட்டமாகப் பரவும். ஒன்றோடொன்று ஒட்டாமல் இடம் விடச் சொல்லுங்கள். எங்கள் பேத்தி வரிசைக்கு 12, மொத்தம் 9 வரிசை என்று போட்டு, எத்தனை ஆயிற்று என்று பெருக்கிச் சொன்னாள். பேரன் அவன் பங்குக்கு ஒரு மீனும் தன் பெயரின் முதல் எழுத்தும் ஊற்றினான்.

அப்புறம் காவல். காக்கை வரும். பக்கத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைப்பது எங்கள் அம்மா காலத்து வழக்கம். மாடிப்படி நிழலில் பாய் விரித்து, அரை மணிக்கு ஒரு ஆளாகக் காவல் இருக்கலாம். பத்து மணிக்கு மேல் குழந்தைகளை மாடியில் விடாதீர்கள், மாடிக் கதவின் சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

காவல் நேரத்துக்கு விடுகதை நல்ல துணை. "ஒரு கிணற்றில் ஒரே தவளை" என்றால் நாக்கு. "அடிக்காமல் திட்டாமல் கண்ணீர் வரவழைப்பாள்" என்றால் வெங்காயம். "ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்" என்றால் தேன்கூடு. கடைசியாகச் சொன்னதை ஒரு முழு நாள் யோசிக்கவிட்டோம். விடையைச் சொல்லக் கூடாது என்று தாத்தாவிடம் சத்தியம் வாங்கினாள் பேத்தி.

சாயங்காலம் மேல்பக்கம் காய்ந்திருக்கும். மறுநாள் மெல்ல உரித்துத் திருப்பிப் போடுங்கள். துணியில் ஊற்றியிருந்தால் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் உரியும். உடைத்தால் மொடக்கென்று ஒடிய வேண்டும், அதுவரை காயட்டும், இரண்டு மூன்று நாள் ஆகும். பொரிப்பது நீங்கள்தான். எண்ணெயில் போட்ட நொடியில் அது விரிவதைத் தள்ளி நின்று பார்க்கட்டும்.

பத்து வயதுக்கு மேல்

பெரிய பிள்ளைகளுக்குப் பீப்பி போதாது. அவர்களை ஏதாவது ஒன்றுக்குப் பொறுப்பாளர் ஆக்குங்கள். பழைய போட்டோ ஆல்பத்தைக் கொடுத்து, ஒவ்வொரு படத்தின் பின்னும் பென்சிலால் பெயர், உறவுமுறை, ஊர், ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதச் சொல்லுங்கள். நமக்குப் பிறகு அந்தப் படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல ஆள் இருக்காது, அதனால் இதை விளையாட்டாக நினைக்காமல் செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஒரு படத்தில் என் மாமியாரின் தங்கை இருக்கிறார் என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

நீங்கள் சமைக்கும்போது அவர்கள் போனில் உங்கள் குரலைப் பதிவு செய்யச் சொல்லலாம். "கண்ணளவு" என்று நீங்கள் சொல்வதை அவர்கள் டம்ளரில் அளந்து எழுதுவார்கள். மேலே நான் கொடுத்த அளவுகள் எல்லாம் அப்படிப் பேத்தி அளந்து எழுதியவை.

கோலத்துக்கு முதலில் சிலேட்டிலோ நோட்டிலோ பழக்கம். 5 புள்ளி, 3 வரை, இடுக்குப்புள்ளி. அதாவது வரிசைக்கு 3, 4, 5, 4, 3. மொத்தம் 19 புள்ளி, அதற்குள் ஒரு நட்சத்திரம் அடங்கும். வாசலில் போடும்போது அரிசி மாவாக இருக்கட்டும், எறும்பு வருவதைப் பார்க்கவே சின்னவன் உட்கார்ந்துவிடுவான். பேரனும் போடட்டும், கோலத்துக்கு ஆண் பெண் கணக்கு எங்கள் வீட்டில் இல்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்கு

பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் வீடியோவில் பார்த்து "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரே வேலையை இரண்டு பக்கமும் செய்யுங்கள். எலுமிச்சையும் வெல்லமும் எந்த ஊரிலும் கிடைக்கும், பானகத்தைச் சேர்ந்தே கரைக்கலாம். நியூயார்க் பக்கம் கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும், குளிர்காலத்தில் பத்தரை. நம் சனிக்கிழமை மாலை ஏழு மணி, கோடையில் அவர்களுக்குக் காலை ஒன்பதரை. பதினைந்து நிமிடம் போதும். ஒரு விடுகதையைப் போட்டுவிட்டு விடையை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் நாள்

எள்ளுருண்டையும் வடாமும் குழந்தை கையாலேயே டப்பாவில் அடுக்கட்டும். மேலே ஒரு காகிதத்தை ஒட்டி, செய்தது யார், எந்தத் தேதி என்று அவர்களே எழுத வேண்டும். மீன் வடாமும் எழுத்து வடாமும் பொரிக்காமல் அப்படியே போகட்டும், அதை அம்மாவிடம் காட்டத்தான் அத்தனை அவசரம். வடாம் டப்பாவைப் பையில் துணிகளுக்கு மேலாக வையுங்கள். அடியில் வைத்தால் பேருந்துக் குலுக்கலில் மீனின் வால் ஒடிந்துவிடும்.